விறாந்தையில் ஒழுகட்டும்

கூரை ஒழுக்கை அடைக்க எந்த சீலன்ட் நல்லது என்று சொல்லித் தரத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி பம்பலப்பிட்டிக்கு வந்து, உங்கள் கம்பனிக் கந்தோரின் படிகளையும் ஏறியிருக்கிறேன். முதலில் ஒரு பிளேன்ரீ தாருங்கள். சீனி வேண்டாம். முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஊரான் வீட்டுக் கூரைகளிலெல்லாம் ஏறி இறங்கியதில் எனக்கு மிஞ்சியது அதுதான். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் அதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எந்தச் சாமான் எவ்வளவு நேரத்தில் காயும், எதன் மேல் எது ஒட்டும் என்பதெல்லாம் உங்கள் டப்பாக்களின் முதுகிலேயே அச்சடித்திருக்கிறது. அதை வாசிக்க நான் தேவையில்லை. கடைக்கு வருகிறவர்கள் யாரும் அதை வாசிப்பதும் இல்லை. "மிஸ், நல்லதா ஒண்டு தாங்கோ" என்பார்கள். நல்லது என்று ஒன்று கிடையாது. தகரக் கூரையின் ஆணித் துளைக்கு நல்லதாக இருப்பது கொங்கிறீட் தட்டின் வெடிப்புக்கு உதவாது. வெயிலில் விரிந்து சுருங்கும் இடத்துக்கு இழுபடக்கூடியது வேண்டும், தண்ணீர் தேங்கும் இடத்துக்கு வேறொன்று வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டையும் போனது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மிஸ், அப்ப அதுகளுக்குள்ளை நல்லது எது?" என்று திரும்பக் கேட்பார்கள். என்ன செய்வது?

நான் ஏணியில் கால் வைத்தால் வீட்டுக்காரர், "ஐயா வரேல்லையோ?" என்று கேட்பார். எந்த ஐயா? "ஐயாவுக்குத் தலை சுத்தும், நான்தான் ஏறுவன்" என்று சொல்லிவிட்டு ஏறிவிடுவேன். பெண்ணாக இந்த வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் பின்னால் இருக்கிறீர்கள். நீங்கள் இதைவிட நல்ல பதில் ஒன்று யோசித்து வையுங்கள்.

ஒரு வீட்டின் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். அந்த ஒரு வீடு போதும்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கை. ரயில் போனால் யன்னல் கண்ணாடி அதிரும். ஒற்றை மாடி வீடு, மேலே தட்டையான கொங்கிறீட். எங்கள் ஆட்கள் கட்டிய எத்தனையோ வீடுகளைப் போல, தூண்களின் கம்பிகளை வெட்டாமல் தட்டுக்கு மேலே ஆளுயரத்துக்கு நீட்டி விட்டிருந்தார்கள். மேல்மாடி பிறகு கட்டலாம் என்றுதான். மகளின் சீதனத்துக்கு ஆகும், மகன் வந்தால் இருப்பான் என்று ஒரு கணக்கு. மழை படாமலிருக்கக் கம்பியின் நுனியில் சோடாப் போத்தலைக் கவிழ்த்து வைப்பார்கள். பிறகு கம்பிக்குக் கம்பி கொடி கட்டி உடுப்புக் காயப் போடுவார்கள். கடற்காற்று பட்டு அந்தக் கம்பிகள் இறைச்சி நிறத்தில் துருப்பிடித்து நிற்கும். வெள்ளவத்தையில் எந்த உயரமான கட்டடத்தில் ஏறி நின்று பார்த்தாலும் வராத மேல்மாடிகளின் கம்பிகள் தெரியும்.

அந்த வீட்டில் தவமணி அன்ரியும் அங்கிளும் மட்டும்தான். அங்கிள் நீர்ப்பாசனப் பகுதியில் படவரைஞராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். பாரிசவாதம் வந்து வலப் பக்கம் விழுந்து, பேச்சும் இழுபட்டு, படுத்த படுக்கையாக இருந்தார். ஒரே மகன் சுதன் கனடாவில். அங்கிளின் கட்டிலுக்கு நேர் மேலே சீலிங்கில் ஒரு பெரிய ஈரவட்டம் இருந்தது. நடுவில் வெடிப்பு ஓடி, பூச்சு வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. விரலால் தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்டது. கொங்கிறீட்டின் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கினால் வருகிற சத்தம் அது. அதன் கீழே ஒரு நிமிடம்கூட நான் நிற்க மாட்டேன். அங்கிள் இரவும் பகலும் அங்கேதான் படுத்திருந்தார்.

"அன்ரி, முதல்லை கட்டிலை மாத்துங்கோ" என்றேன்.

"எங்கை பிள்ளை மாத்துறது? பாத்ரூம் இந்த அறையோடை. மற்ற அறைக்குள்ளை இந்தக் கட்டில் போகாது. இவரைத் தூக்க எனக்கு ஏலுமே? தள்ளக்கூடிய அளவுக்குத் தள்ளித்தான் வைச்சிருக்கிறன். நீங்கள் மேலை ஏதும் நல்ல மருந்தாப் பூசிவிடுங்கோ. மழை வரப் போகுது."

மேலே போனேன். என்னோடு வேலை செய்கிற சிங்கள மேசனும் வந்தார், பாஸ் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அந்தத் தட்டைச் சுரண்டினால் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக எத்தனை பூச்சு! சீமெந்துப் பால், அதற்கு மேலே வெள்ளை அக்ரிலிக், அதற்கு மேலே தார் ஷீற், கம்பிகளின் அடியைச் சுற்றிச் சிலிக்கன். ஒவ்வொன்றும் நல்ல சாமான்தான். விற்றவன் யாரும் அன்ரியை ஏமாற்றவில்லை. நான் ஒரு கம்பியைப் பிடித்து ஆட்டினேன். அடியில் சிலிக்கன் வாயைத் திறந்து மூடியது. கொடியில் ஈரப் புடவை தொங்கும் போதெல்லாம் அது அப்படித்தான் திறந்திருக்கும். அந்த வாய் வழியாக இறங்கிய மழை, கம்பியைப் பிடித்துக்கொண்டு தூணுக்குள்ளும் தட்டுக்குள்ளும் போய் அங்கிளின் தலைக்கு மேலே நின்றது. வருடக் கணக்காக எல்லோரும் தட்டுக்கு மருந்து பூசியிருக்கிறார்கள். வியாதி கம்பியில் இருந்தது.

பாஸ் என்னைப் பார்த்தார். "மிஸ், ஒக்கோம கபன்ன ஓனே. நெத்தங் வெடக் நே" என்றார். எல்லாவற்றையும் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேலையில்லை. எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. கம்பிகளைக் கொங்கிறீட்டுக்குள்ளேயே தாழ வெட்டி, துருவை எடுத்து, குழியை அடைத்து, அதற்கு மேலே ஒரே விரிப்பாகப் பூச வேண்டும்.

கீழே வந்து சொன்னதும் அன்ரியின் முகம் மாறிவிட்டது.

"கம்பியை வெட்டுறதோ? வேறை கதை இருந்தாச் சொல்லுங்கோ பிள்ளை."

"மேல்மாடி கட்டுறதெண்டா பிறகும் கட்டலாம் அன்ரி. துளை போட்டுப் புதுக் கம்பி நடலாம். இப்ப எல்லா இடமும் அப்படித்தான் செய்யினம்."

"நீங்கள் சொல்லுவியள். வெட்டினதுக்குப் பிறகு ஆர் பிள்ளை திரும்ப நட்டது? ஒரு வீட்டைக் காட்டுங்கோ பாப்பம்."

காட்டுவதற்கு எனக்கு ஒரு வீடும் தெரியாது.

அன்ரி உடனே கனடாவுக்கு அழைப்பு எடுத்து, போனை என் கையில் தந்தார். அங்கே விடியாத நேரமாக இருக்க வேண்டும், சுதனின் குரல் நித்திரையில் கரகரத்தது. "மிஸ், நல்ல கெமிக்கல் ஒண்டாப் பாத்துப் போடுங்கோ. விலையைப் பற்றி யோசிக்காதேங்கோ. கம்பியை மட்டும் தொடாதேங்கோ. நான் அடுத்த வருசம் வந்து மேலை கட்டத்தான் போறன்" என்றான். கெட்ட பிள்ளை இல்லை. இரண்டு வேலை செய்கிற களைப்பு குரலிலேயே தெரிந்தது. அடுத்த வருடம் என்று சொல்லும்போது அவன் உண்மையாகவே அதை நம்பித்தான் சொன்னான்.

அந்த நேரம் பார்த்து எங்கள் கம்பனி முகாமையாளரும் போனில் கூப்பிட்டார். முழுத் தட்டுக்கும் புதுப் பூச்சைப் போட்டு, உத்தரவாதப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். "வாடிக்கையாளர் கம்பி வேணுமெண்டாக் கம்பியோடை பூசுங்கோ மிஸ். உங்களுக்கேன் தலையிடி?" என்றார். பூசியிருக்கலாம். பார்க்க வெள்ளை வெளேரென்று அழகாக இருந்திருக்கும். முதல் மழைக்குத் தாங்கியும் இருக்கும். நான் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். பொரளைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

மேலே போய்ப் பாஸோடு கதைத்துக்கொண்டு நின்றபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. அரிசிச் சாக்கைக் கீழே போட்டால் கேட்கிற மாதிரி ஒன்று. படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

அறைக்குள் தூசி. அங்கிளின் தலையணையின் மேலே, தலை வைக்கும் பள்ளத்திலேயே, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவு கொங்கிறீட் துண்டு கிடந்தது. அங்கிள் கட்டிலின் கால்மாட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அன்ரி கஞ்சி கொடுப்பதற்காக அவரை அணைத்து முன்னால் நகர்த்தி இருத்தியிருக்கிறார். கஞ்சிக் கோப்பை இன்னும் அன்ரியின் கையில் இருந்தது. கோப்பைக்குள்ளும் தூசி. அன்ரி அந்தத் தலையணையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கிள் இடக் கையை மெல்லத் தூக்கி மேலே காட்டினார். "தவம்... வெட்டச்... சொல்லு" என்றார். அந்த மூன்று சொல்லுக்கு அவர் பட்ட பாடு எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

நானும் பாஸும் சேர்ந்து அங்கிளைக் கதிரையோடு தூக்கி விறாந்தைக்குக் கொண்டு போனோம். திரும்பிப் பார்த்தால் அன்ரியைக் காணவில்லை. மேலே போயிருந்தார். அந்த வயதில், வெளிப்புற இரும்புப் படியில் ஏறி, கொடியில் கிடந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு கொடியின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். உப்புக் காற்றில் அது இறுகிப் போயிருந்தது. நான் போய் அவிழ்த்துக் கொடுத்தேன்.

"வெட்டுங்கோ பிள்ளை" என்றார். "ஆனா அந்த முன் மூலையிலை நிக்கிற நாலையும் விடுங்கோ."

"அன்ரி..."

"அது அவன்ரை அறை. இவர்தான் படம் கீறினவர். கடலைப் பாத்து ஒரு பல்கனி. அவன் சின்னனிலை அந்தப் படத்தைத் தன்ரை புத்தகத்துக்குள்ளை வைச்சுக்கொண்டு திரிஞ்சவன். மற்றதெல்லாம் வெட்டுங்கோ. அந்த நாலையும் விடுங்கோ. நான் உங்களைக் கும்பிடுறன்."

பாஸுக்குத் தமிழ் விளங்காது, ஆனால் அன்ரியின் கை காட்டியது விளங்கியது. தலையை ஆட்டி வேண்டாம் என்றார். முகாமையாளருக்குச் சொன்னேன். முழுதாக வெட்டினால் செய்யுங்கள், இல்லாவிட்டால் பத்திரமும் இல்லை, வேலையும் இல்லை, சாமான்களை ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்றார். சற்று முன்னர் கம்பியோடு பூசச் சொன்ன அதே வாய்தான். கூரை இடிந்த கதையைக் கேட்டதும் பயம் வந்துவிட்டது. தொழில்முறைப்படி பார்த்தால் அவர் சொன்னதில் பிழை இல்லை. நான்கு கம்பி நின்றாலும் தண்ணீருக்கு அது போதும்.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? பதில் சொல்ல வேண்டாம். உங்கள் முகங்களைப் பார்த்தாலே தெரிகிறது, பாதிப் பேர் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்திருப்பீர்கள்.

நான் அந்த மூலைக்குப் போய் நின்று கீழே எட்டிப் பார்த்தேன். அந்தத் தூண் முன்விறாந்தையின் ஓரத்தில் இறங்கியது. அதன் கீழே படுக்கிறவர் யாரும் இல்லை. ஒரு செம்பரத்தைச் சாடியும் செருப்புகளும்தான் இருந்தன. நான் பிடிவாதம் பிடித்தால் அன்ரி முழு வேலையையும் நிறுத்திவிடுவார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. இன்று தொடங்காவிட்டால் மழைக்காலத்துக்கு முன்னர் இனி நாள் இல்லை. அங்கிளின் தலைக்கு மேலே காய்ந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் என்னுடைய வேலை அது ஒன்றுதான், மற்றதெல்லாம் வெறும் பத்திரத் தாள்.

"பாஸ், அந்த மூலையைச் சுற்றி ஒரு சின்ன வரம்பு கட்டுங்கள். அதன் தண்ணீர் இந்தப் பக்கம் வரக் கூடாது" என்று சிங்களத்தில் சொன்னேன். அன்ரியிடம் திரும்பி, "விறாந்தையிலை ஒழுகும் அன்ரி. உத்தரவாதம் தர மாட்டன். அதுக்குக் கீழை ஒருத்தரும் கதிரை போடக் கூடாது" என்றேன்.

"ஒழுகட்டும் பிள்ளை. விறாந்தையிலைதானே. ஒழுகட்டும்."

அதற்குப் பிறகுதான், கடைசியாக, சீலன்ட்டைப் பற்றி யோசித்தேன். மற்றக் கம்பிகளை வெட்டிக் குழி அடைத்து, வெயிலோடு சேர்ந்து இழுபடக்கூடிய பொலியூரத்தேன் பூச்சை மூட்டு இல்லாமல் ஒரே விரிப்பாகப் போட்டோம். அறையின் சீலிங்கில் ஆட்டம் கண்ட எல்லாவற்றையும் தட்டி விழுத்திப் புதிதாக நிரப்பினோம். முன் மூலையின் நான்கு கம்பிகளுக்கும் மென்மையான ஒன்றைக் கழுத்துப் பட்டி மாதிரிச் சுற்றி விட்டேன். அது ஒரு வருடத்தில் கிழியும் என்று தெரிந்தேதான் போட்டேன். முகாமையாளர் என்னோடு நெடுநாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதுவும் ஒரு நிம்மதிதான்.

அங்கிள் அதற்குப் பிறகும் பல மழைகளைப் பார்த்தார். அவருடைய அறையில் ஒரு துளி விழவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னர் நான் போய் அந்தக் கழுத்துப் பட்டியை மாற்றுவேன். தளர்ந்த பூச்சு ஏதும் இருந்தால் தட்டி எடுப்பேன். கம்பனிக்குத் தெரியாது. அங்கிள் சீலிங்கைக் காட்டி இடக் கைப் பெருவிரலைத் தூக்குவார். அன்ரி தோசை சுட்டுத் தருவார். விறாந்தையில் மழைக்கு மழை சொட்டும். கீழே ஓர் அலுமினிய வாளி இருக்கும். கனடாவிலிருந்து சுதன் கதைக்கும்போது, "கம்பி நிக்குதோ அம்மா?" என்று கேட்பான். "நிக்குது தம்பி" என்பார் அன்ரி. எத்தனை நிற்கிறது என்று அவன் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அங்கிள் தன் கட்டிலிலேயே, நித்திரையில் போய்ச் சேர்ந்தார். சுதன் வந்து கொள்ளி வைத்தான். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு நானும் போயிருந்தேன். நல்ல மழை. சாப்பாடு முடிந்து வந்தவர்கள் போன பிறகு, விறாந்தையில் அன்ரியும் சுதனும் நானும் மட்டும் இருந்தோம். வாளியில் சொட்டுச் சொட்டென்று விழுந்துகொண்டிருந்தது. சுதன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தலையில் மொட்டை, கண்ணெல்லாம் சிவப்பு. திடீரென்று என் பக்கம் திரும்பினான்.

"மிஸ், குறை நினைக்காதேங்கோ. நல்லதாப் போடச் சொல்லித்தானே நான் சொன்னனான்? பிறகேன் இஞ்சை இப்பிடி ஒழுகுது? வேலையைச் சரியாச் செய்யேல்லையோ?"

அன்ரிதான் பேசினார்.

"அவ சரியாத்தான் தம்பி செய்தவ. அது உன்ரை அறையின்ரை கம்பி. மற்றதெல்லாம் அப்பா இருக்கேக்கையே வெட்டியாச்சு. அது மட்டும் நீ வருவாயெண்டு நான்தான் விடச் சொன்னனான்."

அவன் எழுந்து வாளியைப் பார்த்தான். அது நிரம்பியிருந்தது. தூக்கிக் கொண்டுபோய் முற்றத்தில் ஊற்றிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தான்.

"அடுத்த கிழமை பாஸை அனுப்புங்கோ பிள்ளை" என்றார் அன்ரி. "அந்த நாலையும் வெட்டுவம்."

"ஏனம்மா, இருக்கட்டுமே. நான் வந்து..." என்று தொடங்கினான் சுதன். அன்ரி அவனுடைய மொட்டைத் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனார்.

அவன் விமானம் ஏறிய பிறகு பாஸ் போய் வெட்டினார். நானும் போனேன். அதே பொலியூரத்தேன், மூட்டு இல்லாமல், ஒரே விரிப்பாக. உத்தரவாதப் பத்திரமும் கொடுத்தேன். அன்ரி அதை வாசிக்காமலே மடித்து வைத்தார்.

நல்ல சாமான், நல்ல வேலை. அந்த வீட்டில் இப்போது எங்கும் ஒழுகுவதில்லை. அன்ரி என்னைக் கூப்பிடுவதும் இல்லை. மழை தொடங்கினால் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் போல எனக்கு இருக்கும். என்ன சொல்லிக்கொண்டு போவது?